மூன்று கற்களும் இடைவெளியும்

நுழையும் முன்

கல்லிலே கடவுளரையும் மனிதரையும் விலங்குகளையும் காண்பது நம் நாட்டவர்க்குப் பழகிய ஒன்று. முகமும் கையும் காலும் இல்லாத கல்லைக் காட்டி ‘இதுவும் சிற்பமே’ என்றால், ‘இது என்ன?’ என்னும் வினா உடனே எழும். அவ்வினாவை எழுப்பும் சிற்பங்களை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியச் சிற்பிகள் சிலர் படைத்தனர். அவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பார்பரா ஹெப்வொர்த். அவர் 1935ஆம் ஆண்டு பளிங்கில் செதுக்கிய ‘மூன்று வடிவங்கள்’ என்னும் படைப்பையும், அதைக் காணும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மேசையளவுச் சிற்பம்

இலண்டனின் புகழ்பெற்ற டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் ‘மூன்று வடிவங்கள்’ இடம்பெற்றுள்ளது. அது பேருருவச் சிற்பம் அன்று. உயரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நீளம் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். மேசையொன்றின்மேல் அது எளிதாக அடங்கிவிடும்.

தட்டையான பீடத்தின்மீது மூன்று கற்கள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று கோளம். மற்ற இரண்டும் முட்டையைப் போல நீண்டு திரண்டவை. மூன்றும் வெவ்வேறு அளவின. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்கின்றன. கண், மூக்கு, ஆடை, அணிகலன் என்று எதுவும் இல்லை. வழவழப்பான மேற்பரப்பில் ஒளி மெல்ல வழிந்து நிழலாக மறைகிறது. காண்பதற்கு இருப்பது இவ்வளவே.

இயற்கையிலுள்ள ஓர் உருவத்தைப் பார்த்து அவ்வாறே படைக்காமல், வடிவம், அளவு, ஒளி, இடைவெளி ஆகியவற்றையே பொருளாகக் கொண்டு படைக்கும் சிற்பத்தை அருவச் சிற்பம் என்பர். கோளம், உருளை, கனசதுரம் முதலிய கணித வடிவங்களை அடிப்படையாகக் கொண்டால் அது வடிவியல்சார் அருவச் சிற்பம் ஆகும். ‘மூன்று வடிவங்கள்’ அவ்வகைக்குத் தெளிவான சான்று.

சாலைகளைக் கண்ட சிறுமி

பார்பரா ஹெப்வொர்த் 1903ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள வேக்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை பொறியாளர், சாலைகளையும் பாலங்களையும் மேற்பார்வையிடும் பணியில் இருந்தவர். பணியின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லும்போது மகளையும் தம் மோட்டார் வண்டியில் அழைத்துச் செல்வார். மேடேறி இறங்கும் சாலைகள், உருண்டு திரண்ட குன்றுகள், அவற்றினூடே விழும் பள்ளத்தாக்குகள் ஆகியவற்றைச் சிறுமி பார்த்துக்கொண்டே செல்வாள். நிலமே ஒரு சிற்பமாகத் தமக்குத் தோன்றியதென்று பிற்காலத்தில் ஹெப்வொர்த் குறிப்பிட்டுள்ளார்.

ஏழு வயதில் நிகழ்ந்த மற்றொன்றையும் அவர் மறக்கவில்லை. அவருடைய பள்ளித் தலைமையாசிரியை எகிப்தியச் சிற்பங்களைப் பற்றி ஒளிப்படங்களைக் காட்டி உரையாற்றினார். அவ்வுரைக்குப் பின் உலகமே வடிவங்களால் நிறைந்ததாகச் சிறுமிக்குத் தெரியத் தொடங்கியது. ஒரு பள்ளி உரை ஒரு வாழ்வின் திசையைத் தீர்மானித்தது.

லீட்ஸ் நகரின் கலைப் பள்ளியிலும், பின்னர் இலண்டனின் அரச கலைக் கல்லூரியிலும் அவர் பயின்றார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற சிற்பி ஹென்றி மூர் அவ்விரு இடங்களிலும் அவருடைய உடன்மாணவர். 1924இல் பயண உதவித்தொகை பெற்று ஹெப்வொர்த் இத்தாலிக்குச் சென்றார்.

கூட்டலும் கழித்தலும்

சிற்பம் படைக்க இரண்டு வழிகள் உண்டு. களிமண்ணை அப்பி அப்பி உருவாக்குவது ஒன்று, அது கூட்டல். கல்லை வெட்டி வெட்டி உருவாக்குவது மற்றொன்று, அது கழித்தல். களிமண்ணில் பிழை நேர்ந்தால் மீண்டும் அப்பிக்கொள்ளலாம். கல்லில் ஒருமுறை பெயர்ந்த சில்லு திரும்ப ஒட்டாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் புகழ்பெற்ற சிற்பிகள் பலர் களிமண்ணில் மாதிரி செய்வதோடு நிறுத்திக்கொண்டனர். மாதிரியின் மேடுபள்ளங்களை அளவுகருவியால் புள்ளி புள்ளியாக அளந்து, அவற்றைப் பளிங்கில் வெட்டியெடுத்தவர்கள் பணிமனையின் கைவினைஞர்களே. சிற்பியின் கை கல்லைத் தொடாமலே சிற்பம் முடிந்துவிடுவதும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறைக்கு எதிர்ப்பு எழுந்தது. கல்லைச் சிற்பியே நேரில் செதுக்க வேண்டும். கல்லின் கடினம், நிறம், நரம்போட்டம் ஆகியவை வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. இதனை நேரடிச் செதுக்குமுறை எனலாம். பாரிசில் வாழ்ந்த ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டீன் பிரான்குஷி இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர். தலை, முட்டை, பறவை என எதை எடுத்துக்கொண்டாலும், அதன் மிகையானவற்றை நீக்கி நீக்கி ஒற்றை வடிவமாகத் திரட்டியவர் அவர்.

ஹெப்வொர்த் செதுக்குதலை உரோம் நகரில் கற்றார். அவருக்குப் பளிங்கு வேலையைப் பயிற்றுவித்தவர் ஜியோவானி அர்தினி என்னும் கைவினைஞர். ஒவ்வொருவர் கையிலும் பளிங்கு வெவ்வேறு நிறம் கொள்ளும் என்று அவர் ஒருமுறை கூறினார். அச்சொல் ஹெப்வொர்த்தின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கல்லை அடக்கி ஆள்வது சிற்பியின் வேலையன்று. அதனைப் புரிந்துகொண்டு அதனோடு இணங்கி உழைப்பதே வேலை என்னும் தெளிவை அவர் அங்கே பெற்றார்.

பளிங்கின் இயல்பு

சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பளிங்காகிறது. பேச்சுவழக்கில் இதனைச் சலவைக்கல் என்றும் கூறுவர். இதனுள் நுண்ணிய படிகங்கள் நெருங்கிப் பிணைந்திருக்கும். மெருகேற்றிய பளிங்கின்மேல் விழும் ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. சிறிதளவு உள்ளே சென்று சிதறி வெளிவருகிறது. பளிங்கிற்கு உயிருள்ள தோலின் மென்மை வாய்ப்பது இதனால்தான்.

‘மூன்று வடிவங்கள்’ செதுக்கப்பட்ட கல் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் உள்ள செரவெஸ்ஸா என்னும் ஊர்ப்புறத்துப் பளிங்கு. பதினாறாம் நூற்றாண்டில் மைக்கேலாஞ்சலோ பளிங்கு தேடிச் சென்ற மலைகள் அவை.

பளிங்கைச் செதுக்குபவர் முதலில் கூர்முனை உளியால் பெரிய சில்லுகளைப் பெயர்ப்பார். அடுத்துப் பல் உளியால் வடிவத்தை நெருங்குவார். பின்னர்த் தட்டை உளியும் அரமும் வரும். இறுதியில் தேய்ப்புக்கல்லும் நீரும் கொண்டு பல நாள் தேய்க்க வேண்டும். ஆடையின் மடிப்போ தலைமுடியின் சுருளோ உள்ள சிற்பத்தில் சிறு குறை மறைந்துவிடும். கோளத்தில் மறையாது. மயிரிழைப் பள்ளமும் நிழலாகித் தன்னைக் காட்டிக் கொடுக்கும். எளிமையாகத் தோன்றும் வடிவத்தைச் செதுக்குவது எளிதன்று.

துளையும் தனிக்கல்லும்

1926இல் இங்கிலாந்து திரும்பிய ஹெப்வொர்த் இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பணிமனை அமைத்தார். தொடக்கத்தில் அவர் மனித உருவங்களையும் பறவைகளையும் செதுக்கினார். 1930களின் தொடக்கத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அலபாஸ்டர் என்னும் மென்கல்லில் செய்த ஒரு சிற்பத்தின் நடுவே துளையிட்டார். கல்லின் ஊடே ஒளியும் காற்றும் மறுபக்கத்துக் காட்சியும் புகுந்தன. கல் இல்லாத இடமும் சிற்பத்தின் ஓர் உறுப்பாயிற்று.

1933இல் அவர் ஓவியர் பென் நிக்கல்சனுடன் பிரான்சுக்குச் சென்று பிரான்குஷி, ழான் ஆர்ப் ஆகியோரின் பணிமனைகளைக் கண்டார். மறு ஆண்டில் அலபாஸ்டரில் ‘தாயும் சேயும்’ என்னும் சிற்பத்தைப் படைத்தார். தாய் சாய்ந்திருக்கிறாள், அவள் உடலின் நடுவே துளை, மடியில் சேய். இதில் கருதத்தக்க செய்தி, சேய் வேறொரு கல்லால் ஆனது என்பதே. தாயின் உடலோடு ஒட்டிய பகுதியாக இல்லாமல், தனித்த உயிராக அது மடிமேல் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கற்களுக்கிடையே உள்ள உறவே அச்சிற்பத்தின் பொருள்.

1934 அக்டோபர்

அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஹெப்வொர்த்துக்குக் குழந்தை பிறந்தது. ஒரு குழந்தைக்கே வீட்டில் ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது. பிறந்தவை மூன்று: ஓர் ஆண், இரு பெண். முதல் மணத்தில் பிறந்த ஐந்து வயது மகன் ஏற்கெனவே இருந்தான். வருவாய் குறைவு, வீடு சிறிது.

ஒரு பெண்ணின் கலைவாழ்வு அத்துடன் முடிந்ததென்று எவரும் எண்ணக்கூடிய நிலை அது. ஹெப்வொர்த் உளியைக் கீழே வைக்கவில்லை. குழந்தைகளைச் சில காலம், அருகிலிருந்த செவிலியர் பயிற்சி நிலையத்தின் காப்பகத்தில் வளரவிட்டார். அடுத்த மாதமே, நவம்பரில், மீண்டும் செதுக்கத் தொடங்கினார். வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் கலைஞரைத் தேய்த்துவிடுவதில்லை. நாள்தோறும் சிறிது நேரம், அரைமணி நேரமாயினும், தம் வேலையைச் செய்துவந்தால் உள்ளத்தில் வடிவங்கள் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவர் பின்னாளில் சொன்ன கருத்து. அந்த அரைமணி நேரம் எத்துணை அரியது என்பதை அவருடைய சூழலில் இருந்தவரே அறிவர்.

மீண்டும் செதுக்கத் தொடங்கியபோது தம் படைப்பின் திசை மாறியிருந்ததை அவரே கண்டார். இயற்கை உருவின் சாயல் முற்றும் மறைந்திருந்தது. வடிவங்களின் அளவு, எடை, மேற்பரப்பு ஆகியவையும், வெளியில் அவை ஒன்றுக்கொன்று கொள்ளும் உறவும் இழுவிசையுமே அவர் சிந்தையை நிறைத்தன. இடையில் புதிதாக வந்து சேர்ந்தவை குழந்தைகள் மட்டுமே என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார். 1935இல் உருவான ‘மூன்று வடிவங்கள்’ இம்மாற்றத்தின் விளைவு.

காணும் முறை

இச்செய்தியை அறிந்தவுடன், ‘மூன்று கற்கள் மூன்று குழந்தைகளே’ என்று முடித்துவிடத் தோன்றும். அவ்வாறு முடிப்பது சிற்பத்தைக் காணாமல் விடுகதையை விடுவிப்பதாகும். குழந்தைகளை உருவாகக் காட்ட விரும்பியிருந்தால் அதற்கு வேண்டிய திறன் ஹெப்வொர்த்திடம் இருந்தது. ‘தாயும் சேயும்’ அதற்குச் சான்று. அவர் மேற்கொண்ட வழி வேறு. வாழ்விலிருந்து அவர் கல்லுக்குக் கொண்டுவந்தது குழந்தைகளின் உருவத்தையன்று. பல உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தும் தனித்தும் இருக்கும் நிலையை.

எனவே, ‘இது என்ன?’ என்று வினவுவதினும் ‘இவை ஒன்றுக்கொன்று எவ்வாறு இருக்கின்றன?’ என்று வினவுவதே பயன்தரும். சிறியது எது, பெரியது எது? எந்த இரண்டு நெருங்கியுள்ளன? எது விலகியுள்ளது? ஒரு கல்லை ஒரு விரலளவு நகர்த்தினால் என்ன ஆகும்? நெருங்கினால் மூன்றும் ஒரு குவியலாகிவிடும். அகன்றால் தொடர்பற்ற மூன்று கற்களாகிவிடும். குவியலும் ஆகாமல், சிதறலும் ஆகாமல் அவற்றை நிறுத்துவது இடைவெளி. கற்களை உளி செதுக்கியது. இடைவெளியைச் சிற்பியின் தேர்வு செதுக்கியது.

மொழியிலும் இதனைக் காணலாம். ‘பலகை’ என்று சேர்த்து எழுதினால் ஒரு பொருள். ‘பல கை’ என்று இடைவெளி விட்டால் வேறு பொருள். எழுத்துகள் மாறவில்லை. மாறியது இடைவெளியே.

தப்பியோடலா?

வெள்ளைக் கோளங்களைச் செதுக்குவது உலகத் துன்பத்தைக் காண மறுத்து ஒதுங்குவதன்றோ என்று அக்காலத்திலேயே சிலர் கேட்டனர். கேள்வி நேர்மையானதே. ஐரோப்பா போரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலம் அது. 1933இல் ஜெர்மனியில் நாஜி ஆட்சி அமைந்தது. புதிய கலையைக் கற்பித்த பௌஹவுஸ் பள்ளி அவ்வாண்டே மூடப்பட்டது. 1937இல் நவீனக் கலைப் படைப்புகளை ‘சீரழிந்த கலை’ என்று இழிவுபடுத்தி மியூனிக் நகரில் நாஜிகள் கண்காட்சி நடத்தினர். நாடிழந்த கலைஞர்கள் பலர் இலண்டனுக்கு வந்தனர். கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ், சிற்பி நாவும் காபோ, ஓவியர் மோந்திரியான் ஆகியோர் ஹாம்ப்ஸ்டெட்டில் தங்கினர்.

அதே 1937இல் இலண்டனில் ‘வட்டம்’ என்னும் பொருள்படும் பெயரில் புதிய கலைக்கான தொகைநூல் ஒன்று வெளிவந்தது. அதில் ஹெப்வொர்த்தும் கட்டுரை எழுதினார். அருவக் கலை வாழ்விலிருந்து தப்பியோடுவதன்று என்பது அவர் நிலைப்பாடு. உருவங்களைப் பெருக்கியும் மிரட்டியும் கலையை ஆட்சியின் கருவியாக்கிய அரசுகளுக்கு, மூன்று கற்கள் அமைதியாக இணைந்திருக்கும் காட்சியால் பயன் ஒன்றுமில்லை. எவரையும் போற்றாமலும் எவரையும் அச்சுறுத்தாமலும் ஓர் ஒழுங்கு இருக்கக்கூடும் என்பதை அக்கற்கள் காட்டின.

பின்னாளில்

1939இல் போர் மூளும் தறுவாயில் ஹெப்வொர்த் குடும்பத்துடன் கார்ன்வாலின் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸுக்குச் சென்றார். போர்க்காலத்தில் பகலெல்லாம் குழந்தைகளையும் காய்கறித் தோட்டத்தையும் பேணினார், இரவில் வரைந்தார். 1961இல் விமான விபத்தில் உயிரிழந்த ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்டின் நினைவாக, அவர் படைத்த ‘ஒற்றை வடிவம்’ என்னும் வெண்கலச் சிற்பம் 1964இல் நியூயார்க்கில் அவைத் தலைமையகத்தின் முன் நிறுவப்பட்டது. அதன் உயரம் 6 மீட்டருக்கு மேல். அதிலும் ஒரு துளை உண்டு. அதனூடே வானம் தெரியும். 1975இல் ஹெப்வொர்த் மறைந்தார். செயின்ட் ஐவ்ஸில் அவர் வாழ்ந்த பணிமனை மறு ஆண்டே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

சொற்பொருள்

அருவம் – உருவம் அற்றது
மெருகு – பளபளப்பு
சில்லு – சிறு துண்டு
பெயர்த்தல் – உடைத்து எடுத்தல்
தறுவாய் – வேளை
வெளி – பொருள்கள் இருப்பதற்கு இடந்தரும் இடம்

கற்கண்டு – பொதுமொழி

ஒரு சொல் தனித்து நின்று ஒரு பொருளையும், பிரிந்து நின்று வேறொரு பொருளையும் தருமாயின் அது பொதுமொழி எனப்படும்.

எட்டு – எட்டு என்னும் எண். எள் + து (எள்ளை உண்)
வேங்கை – வேங்கை மரம். வேம் + கை (வேகின்ற கை)
பலகை – மரப்பலகை. பல + கை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. ‘மூன்று வடிவங்கள்’ செதுக்கப்பட்ட கல்
அ) கருங்கல்  ஆ) பளிங்கு  இ) அலபாஸ்டர்  ஈ) மணற்கல்
2. களிமண்ணில் சிற்பம் செய்வது கூட்டல் எனில், கல்லில் செதுக்குவது
அ) பெருக்கல்  ஆ) வகுத்தல்  இ) கழித்தல்  ஈ) அளத்தல்

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சுண்ணாம்புக்கல் ______, ______ ஆகியவற்றால் உருமாறிப் பளிங்காகிறது.
2. ஹெப்வொர்த்துக்குப் பளிங்கு வேலையைப் பயிற்றுவித்தவர் ______.

இ. குறுவினா
1. அருவச் சிற்பம் என்றால் என்ன?
2. கோளத்தைச் செதுக்குவது எளிதன்று. ஏன்?

ஈ. சிறுவினா
1. ‘தாயும் சேயும்’, ‘மூன்று வடிவங்கள்’ ஆகிய இரு சிற்பங்களின் ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
2. ‘மூன்று கற்கள் மூன்று குழந்தைகளே’ என்னும் கருத்தைப் பாடம் ஏற்காததன் காரணம் யாது?

உ. நெடுவினா
அருவக் கலை வாழ்விலிருந்து தப்பியோடுவதா? பாடச் செய்திகளைக் கொண்டு உம் கருத்தை நிறுவுக.

ஊ. பொதுமொழியாக வரும் சொற்களைப் பிரித்து இரு பொருளும் எழுதுக.
அந்தமான், வைகை, தாமரை

எ. செய்து பார்க்க.
ஓர் எலுமிச்சையையும், அளவில் வேறுபட்ட இரண்டு உருளைக்கிழங்குகளையும் வெள்ளைத் தாளின்மேல் வைக்க. அவற்றின் இடைவெளியை மூன்று முறை மாற்றுக. ஒவ்வொரு முறையும் தோன்றிய உணர்வை இரண்டு தொடர்களில் எழுதுக. எந்த அமைப்பை மாற்ற மனம் வரவில்லையோ, அதனை வரைந்து அதற்கு ஒரு பெயர் இடுக.